தோள்பட்டை எலும்பை எடுத்தால் கை என்ன ஆகும்?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

தோள்பட்டை எலும்பில் வரும் புற்றுநோய், அதற்கான அறுவை சிகிச்சை, அதன் பிறகான நாட்கள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு எலும்புப் புற்றுநோய் அறுவை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

என் மகனுக்கு 16 வயது. வலது தோள்பட்டை எலும்பில் யூவிங் சர்கோமா என்ற எலும்புப் புற்று. ஐந்து கீமோ முடிந்தது. இன்னும் ஒன்று போட்டுவிட்டு அந்த எலும்பையே முழுசாக எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். கை தொங்கிவிடாதா? கையையே எடுக்கும்படி ஆகிவிடுமா?
– ஒரு தந்தை, ஈரோடு

கை இருக்கும். விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றும் ஏறக்குறைய இப்போதுபோலவே வேலை செய்யும். எழுதலாம், பிசைந்து சாப்பிடலாம், சட்டைப் பொத்தான் போடலாம், கம்ப்யூட்டரில் தட்டலாம். குறையப்போவது கையைப் பக்கவாட்டிலும் மேலேயும் தூக்கும் திறன்.

காரணம் அந்த எலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. முதுகின் மேல்பகுதியில் முக்கோணமாகத் தட்டையாகக் கிடக்கும் இந்த எலும்பில் 17 தசைகள் ஒட்டியிருக்கின்றன. கை எலும்பை விட்டால், உடலின் மற்ற எலும்புக்கூட்டோடு அதற்கு இருக்கும் ஒரே மூட்டுத் தொடர்பு முன்னால் காறை எலும்போடுதான். மற்றபடி தசைகளின் பிடியில்தான் நிற்கிறது. கைக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களும் நரம்புக் கற்றையும் அதன் முன்புறமாக அக்குள் வழியே இறங்குகின்றன. கட்டி அவற்றைச் சுற்றிக்கொள்ளாமல் இருந்தால், எலும்பை மட்டும் எடுத்துவிட்டுக் கையைக் காப்பாற்ற முடியும். ஒரு காலத்தில் இந்த இடத்தில் புற்று என்றாலே கையோடு தோளையும் சேர்த்து எடுத்தார்கள். தோளை மட்டும் எடுத்துக் கையை விட்டுவைக்கும் முறையை ரஷ்ய மருத்துவர் லின்பெர்க் 1928இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். இன்றைய அறுவை சிகிச்சைகள் அதன் வழிவந்தவை.

எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 'தோள்பட்டை ஆபரேஷன்' என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு வேறு ஆபரேஷன்கள் இருக்கின்றன. எலும்பின் கீழ்ப்பாதியை மட்டும் எடுத்தால் சில மாதங்களில் வெளியாருக்கு வித்தியாசமே தெரியாது. தட்டையான உடல் பகுதி முழுவதையும் எடுத்து, கை எலும்பின் உருண்டை பொருந்தும் கிண்ணத்தை மட்டும் விட்டுவைத்தால், பலருக்குக் கை தோள் உயரம் வரை வரும். கையை வெளிப்பக்கம் திருப்புவதுதான் பலவீனமாக இருக்கும். கிண்ணத்தோடு முழு எலும்பும் போனால் பக்கவாட்டில் சுமார் 30 டிகிரி, சிலருக்கு 45 வரை. உங்கள் மகனுக்குச் சொன்னது இந்த மூன்றாவது வகை. கிண்ணத்தை விட்டுவைக்க வழியுண்டா என்று கீமோவுக்குப் பிந்தைய எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். அது நியாயமான கேள்வி. ஆனால் கட்டி கிண்ணத்துக்கு அருகில் வந்திருந்தால் அதை விட்டுவையுங்கள் என்று வற்புறுத்தாதீர்கள். அசைவுக்காக, கட்டியைச் சுற்றி எடுக்க வேண்டிய நல்ல திசுவின் விளிம்பைக் குறைத்தால் நோய் அதே இடத்தில் திரும்பும். அப்போது கையே போகும் நிலை வரலாம்.

கடைசிக் கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் இடையில் பொதுவாக 2 முதல் 3 வாரம் விடுவார்கள். வெள்ளணுக்கள் மீண்டு, பிளேட்லெட் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். தேதி தள்ளிப்போனால் பெரும்பாலும் இதுதான் காரணம், பதற வேண்டாம்.

பயாப்சி எடுத்தால் புற்று பரவிவிடும் என்கிறார்கள். வேறோர் ஆஸ்பத்திரியில் எடுத்த பயாப்சித் தழும்பையும் சேர்த்து வெட்ட வேண்டும் என்று இப்போது டாக்டர் சொல்கிறார். அப்படியென்றால் பரவிவிட்டது என்று அர்த்தமா?
– வாசகி, விழுப்புரம்

உடம்பெங்கும் பரவியதாக அர்த்தம் இல்லை. ஊசி போய் வந்த பாதையில் சில புற்றணுக்கள் தங்கியிருக்கலாம். அதனால் அந்தத் தோல், அதன் கீழுள்ள தசைப் பாதை எல்லாவற்றையும் கட்டியோடு ஒட்டியபடியே ஒரே துண்டாக எடுப்பது, எலும்பு, தசை போன்றவற்றில் வரும் புற்றான சர்கோமா எல்லாவற்றுக்கும் உள்ள நடைமுறை.

சிக்கல் வருவது ஊசியைத் தவறான இடத்தில் குத்தும்போது. தோள்பட்டைக்கு, பின்னால் ஆபரேஷனில் கீறப்போகும் கோட்டின் மேலேயே குத்த வேண்டும். அக்குள் பக்கமாகவோ, மார்புப் பக்கமாகவோ, தோளின் மேல்தசையைக் குறுக்காகத் துளைத்தோ எடுத்தால், காப்பாற்றியிருக்கக்கூடிய தசையையும் சேர்த்து இழக்க வேண்டிவரும். சிறிய ஊசித் துளைக்குப் பதிலாகப் பெரிதாகக் கீறி எடுத்து, உள்ளே ரத்தம் கட்டியிருந்தாலும் அதே கதை: ரத்தம் போன இடமெல்லாம் அணுக்கள் போயிருக்கும். ஆகவே பயாப்சியை ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவரோ, அவர் குறித்துக் கொடுத்த இடத்தில் ரேடியாலஜிஸ்டோ எடுப்பதே சரி. ஸ்கேனில் சந்தேகம் வந்த உடனே, பயாப்சிக்கு முன்பே, எலும்புப் புற்றுநோய் பார்க்கும் மையத்துக்குப் போய்விடுங்கள்.

இதோடு இன்னொன்று. தோளில் வீக்கம் தெரிந்ததும் நாட்டுக் கட்டு போடுவதும் எண்ணெய் விட்டு நீவுவதும் இன்னமும் நடக்கிறது. கட்டியை அழுத்தித் தேய்த்தால் உள்ளே ரத்தம் கசியும், மாதங்களும் வீணாகும். விளையாட்டில் அடிபட்டதாக நினைக்கும் வீக்கம் மூன்று நான்கு வாரத்தில் வடியாமலோ இரவு வலியோடு வளர்ந்தாலோ, முதலில் எக்ஸ்ரே. தோள்பட்டை எக்ஸ்ரேயில் விலா எலும்புகள் குறுக்கே விழுந்து கட்டியை மறைத்துவிடும் என்பதால், எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ.

எனக்கு 52 வயது. தோள்பட்டையில் காண்ட்ரோசர்கோமா, முதல் கிரேடு. பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கீமோ தருகிறார்கள், எனக்குத் தரவில்லை. கைவிட்டுவிட்டார்களா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. இது குருத்தெலும்புப் புற்று. வழக்கமான வகைக்குக் கீமோவும் வேலை செய்யாது, கதிர்வீச்சும் பெரிதாக உதவாது. முழு விளிம்போடு எடுப்பதே சிகிச்சை. யூவிங், ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுகள் இரண்டும் வேறு. அவற்றுக்குக் கீமோ இல்லாமல் ஆபரேஷன் மட்டும் போதாது.

'முதல் கிரேடுதானே, சுரண்டி எடுத்துவிடலாமே' என்று யாராவது சொல்லக்கூடும். கை, கால் நீள எலும்புகளில் இருக்கும் இதேபோன்ற கட்டியைச் சுரண்டி எடுப்பதுண்டு. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வகைப்பாடு தோள்பட்டை எலும்பை இடுப்பு எலும்போடு சேர்த்தே வைக்கிறது. இங்கே அது முழுமையான காண்ட்ரோசர்கோமாதான், சுரண்டினால் திரும்பும்.

உங்கள் வயதில் இன்னொரு சோதனையையும் கவனிக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு, மார்பகம், நுரையீரலிலிருந்து பரவிய கட்டியும் எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவும் தோள்பட்டையில் வரும். அவற்றுக்குச் சிகிச்சை முறையே மாறிவிடும். சிறுநீரகத்திலிருந்து வந்ததாக இருந்தால், ஆபரேஷனுக்கு முன் ரத்தக் குழாயை அடைக்காமல் கை வைத்தால் ரத்தப்போக்கை நிறுத்துவது பெரும்பாடு.

எலும்பை எடுத்த இடத்தில் என்ன வைப்பார்கள்? வெளிநாட்டு உலோக எலும்பு வைத்தால் கை முழுதாகத் தூக்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், மதுரை

பாதி எலும்பை எடுத்தால் எதையும் வைக்கத் தேவையில்லை. தசைகளை ஒன்றோடொன்று தைத்து மூடிவிடுவார்கள். முழு எலும்பும் போனால்தான் இந்தக் கேள்வி வரும்.

எளிய வழி, கை எலும்பின் மேல்முனையைக் கரையாத தடித்த நூலாலோ பாலியெஸ்டர் நாடாவாலோ காறை எலும்பிலோ விலா எலும்பிலோ தொங்கவிட்டுக் கட்டுவது. அதன் மேல் மிச்சமுள்ள தசைகளைப் போர்த்தித் தைப்பார்கள். சில வாரங்களில் சுற்றிலும் உருவாகும் தழும்புத் திசுதான் நிரந்தரப் பிடி, நூல் அதுவரைக்கும்தான். செலவு குறைவு, பழுது குறைவு, மறு ஆபரேஷன் குறைவு. கை 30 டிகிரியோடு நிற்கும்.

உலோகத் தோள்பட்டையில் அது 60, 70 டிகிரி வரை போகலாம், தோளின் வடிவமும் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. தோளை மூடும் டெல்டாய்டு தசையும், அதற்குப் போகும் ஆக்சிலரி நரம்பும், கழுத்திலிருந்து இறங்கும் டிரபீசியசும், விலாவோடு ஒட்டிய செராட்டஸும் ஆகிய தசைகளும் மிஞ்ச வேண்டும். இவை இல்லாமல் உலோகத்தை வைத்தால் அதை அசைக்க ஆளும் இல்லை, மூடத் தசையும் இல்லை. தோலை அரித்துக்கொண்டு வெளியே வரும், இல்லையென்றால் மூட்டு நழுவும். சீழ் பிடித்தால் மொத்தத்தையும் கழற்ற வேண்டும். நல்ல தசை மிஞ்சுகிற இளம் வயதினருக்கு அது பொருத்தம். மற்றவர்களுக்குத் தொங்கவிடும் முறையே மேல் என்பது எங்கள் அபிப்பிராயம். எதை வைத்தாலும் கை தலைக்கு மேல் போவது அரிது. உங்கள் உறவினர் சொல்வது தேய்மானத்துக்குச் செய்யும் தோள்மூட்டு மாற்றாக இருக்கலாம். அது வேறு ஆபரேஷன்.

வெட்டிய எலும்பிலுள்ள கட்டியைச் சுத்தம் செய்து, அதிக அளவு கதிர்வீச்சு கொடுத்து, அதையே திரும்பப் பொருத்தும் முறையும் சில பெரிய மையங்களில் உண்டு. எலும்பு உளுத்துப்போகாமல் உருவத்தோடு இருந்தால்தான் அது முடியும்.

கணவருக்கு முழுத் தோள்பட்டையும் எடுத்து எட்டாம் நாள். டிரெயின் பையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டும்?
– வாசகி, திருச்சி

டிரெயினிலிருந்து, அதாவது காயத்து நீரை வடிக்கும் குழாயிலிருந்து, தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, மில்லிலிட்டரில் நோட்டில் எழுதுங்கள். நிறம் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறம் என மாறும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே, தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். 'பையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியவில்லை' என்று முன்கூட்டியே எடுக்கச் சொல்லாதீர்கள். எலும்பு இருந்த இடம் இப்போது வெற்றிடம்; வடிய வழியில்லாவிட்டால் நீர் கோத்துக்கொள்ளும், பிறகு ஊசியால் மறுபடி மறுபடி உறிஞ்ச வேண்டிவரும், கிருமியும் சேரும். பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடினால்தான் உறிஞ்சும். உப்பியிருக்கும் பை சும்மா தொங்குகிறது என்று பொருள். நேற்று 80 மில்லி வந்தது இன்று திடீரென்று நின்று, முதுகில் வீக்கம் ஏறினால் குழாய் அடைத்திருக்கிறது. பை புதிய ரத்தமாக வேகமாய் நிறைந்தால் உடனே கிளம்புங்கள்.

அடுத்து ஸ்லிங், அதாவது கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் கட்டு. நான்கு முதல் ஆறு வாரம், தூங்கும்போதும். மேலே சொன்ன தழும்புத் திசு உருவாகும் காலம் இதுதான். கட்டாமல் கையைத் தொங்கப்போட்டால், ஒரு கையின் எடை முழுவதும் தையலையும் நரம்புக் கற்றையையும் கீழே இழுக்கும். விரல் மரத்துப்போவதும் கை வீங்குவதும் அப்படித்தான் ஆரம்பிக்கும். முழங்கை ஸ்லிங்கின் மூலைவரை நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். கை, முழங்கையைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஸ்லிங் இரண்டே நாளில் தளர்ந்து, மணிக்கட்டு தொப்புளுக்குக் கீழே இறங்கியிருப்பதைப் பார்க்கிறோம். தினமும் காலையில் பட்டையை இழுத்துச் சரிசெய்யுங்கள். கழுத்தில் அழுத்தும் இடத்தில் துண்டை மடித்து வையுங்கள்.

படுக்கும்போது முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை கொடுத்துச் சாய்ந்த நிலையில் படுக்கட்டும். முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை கட்டாயம். இல்லாவிட்டால் கை பின்னால் சரியும். குளிக்கும்போது அக்குளைக் கழுவ, கையைத் தூக்கக் கூடாது. ஸ்டூலில் உட்கார்ந்து முன்னால் லேசாகக் குனிந்தால் கை தானாக விலகும். முழங்கையை நீங்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு துடைத்துவிடலாம். தையல் 12 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். கீமோவுக்குப் பிறகான உடம்பென்றால் இன்னும் சில நாள் கூடும்.

தினமும் மூன்று அசைவைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்: கட்டைவிரலை உயர்த்துவது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வளையம் போடுவது, ஐந்து விரலையும் விரிப்பது. மூன்று முக்கிய நரம்புகளுக்கும் இதுவே பரிசோதனை. நேற்று வந்தது இன்று வரவில்லையென்றால் போன் செய்யுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், தழும்பின் ஓரம் கறுத்தாலும், துர்நாற்றத்தோடு நீர் வந்தாலும் அடுத்த ரிவ்யூ தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

பயிற்சி எப்போது தொடங்குவது? சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் குணமாகும் என்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவலாமா?
– வாசகர், சேலம்

விரலும் மணிக்கட்டும் முதல் நாளிலிருந்தே. மணிக்கு ஒருமுறை, பத்துத் தடவை மூடித் திறக்கட்டும். முழங்கைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. இதைத்தான் வீட்டில் பலரும் தவறவிடுகிறார்கள். முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசையின் இரண்டு வேர்களும் தோள்பட்டை எலும்பிலிருந்துதான் கிளம்புகின்றன. முழு எலும்பும் போகும்போது அந்தத் தசையைக் காறை எலும்புப் பக்கம் மாற்றித் தைக்கிறார்கள். தையல் பிடிக்கச் சுமார் ஆறு வாரம். அதுவரை ஆபரேஷன் செய்த கையைத் தன் பலத்தில் மடக்கக் கூடாது. மறுகையால் மணிக்கட்டைப் பிடித்து மடக்கி, மெதுவாக நீட்டலாம், நாளுக்கு நான்கைந்து முறை. சும்மா விட்டால் முழங்கை விறைத்துவிடும். தண்ணீர்ச் செம்பைத் தூக்கினால் தையல் அறுந்து மடக்கும் பலம் போய்விடும்.

நான்கிலிருந்து ஆறாவது வாரத்துக்குள் மருத்துவர் சம்மதித்த பிறகு ஊசல் பயிற்சி: நல்ல கையை மேசையில் ஊன்றி, முன்னால் குனிந்து, கையைத் தளர்வாக விட்டுச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம் போடுவது. ஆறு வாரத்துக்கு மேல் மேசைமேல் துண்டை வைத்து முன்னால் தள்ளுவது, கம்பைப் பிடித்து நல்ல கையால் தூக்கிவிடுவது. மூன்று மாதம் கழித்துத்தான் ரப்பர் பட்டையும் அரைக் கிலோ எடையும். உலோக எலும்பு வைத்தவர்களுக்கும் பாதி எலும்பு எடுத்தவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும். அவரவர் டிஸ்சார்ஜ் குறிப்பே சட்டம்.

கண்ணாடி முன் நின்று செய்யுங்கள். கை எழாதபோது கழுத்துத் தசை தோளைக் காதுவரை தூக்கி ஏமாற்றும். ஆறு மாதம் அப்படியே செய்தால் கழுத்துவலியும் தலைவலியும்தான் மிச்சம். வளரும் பிள்ளைகளுக்கு முதுகு ஒரு பக்கம் சாய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்னேற்றம் ஒரு வருடம்வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும்.

நீவக் கூடாது. காயம் முழுதாக மூடி ஆறு வாரம் ஆன பிறகு, தழும்பின் மேல் மட்டும் விரல் நுனியால் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்க்கலாம். தழும்பு அடியில் ஒட்டாமல் இருக்கும். கதிர்வீச்சு நடக்கும் தோலில் அதுவும் கூடாது.

சேலை நிற்கவில்லை, தலை வாரமுடியவில்லை. ஸ்கூட்டர் ஓட்டலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

இடது தோள் என்றால் முந்தானை நழுவத்தான் செய்யும். ரவிக்கையின் உள்ளே தைக்கும் ஸ்பாஞ்ச் பேடைத் தோளின் சரிவுக்கு ஏற்ப ஒரு பக்கம் தடிமனாக வெட்டித் தைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். காறை எலும்பின் முனை துருத்தி உரசும் இடத்தையும் அது மூடும். உள்ளாடைக்கு முன் கொக்கி நல்லது. உடுத்தும்போது ஆபரேஷன் செய்த கை முதலில் நுழையட்டும், கழற்றும்போது கடைசியில் வரட்டும்.

தலை வார, மேசைமேல் நாலைந்து புத்தகத்தை அடுக்கி முழங்கையை அதன்மேல் ஊன்றித் தலையைக் கையை நோக்கிச் சாயுங்கள். சமையலறையில் அன்றாடம் எடுக்கும் டப்பாக்களை மேல் தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். அந்தக் கை பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும், மறுகை கிண்டும். பேருந்தில் மேல் கம்பியை நம்பாதீர்கள். பிரேக் போட்டால் தோள்தான் முதலில் இழுபடும்.

ஸ்கூட்டருக்கு இரண்டு கையும் முன்னால் நீண்டு, பள்ளத்தில் குலுங்கும்போது ஹேண்டிலை அடக்க வேண்டும். முழு எலும்பும் எடுத்தவர்களில் பலருக்கு அந்தப் பலம் வருவதில்லை. ஆறு மாதத்துக்கு முன் யோசிக்கவே வேண்டாம். அதன் பிறகும் பிசியோதெரபிஸ்ட் சோதித்துப் பார்த்துச் சரி என்றால் மட்டும்.

ரிப்போர்ட்டில் 'மார்ஜின் நெகடிவ்', 'நெக்ரோசிஸ் 95 சதவீதம்' என்று இருக்கிறது. பயமாக இருக்கிறது.
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டும் நல்ல செய்தி. வெட்டிய விளிம்பில் புற்றணு இல்லை. கீமோவால் கட்டியில் 95 சதவீதம் ஏற்கெனவே செத்திருக்கிறது. 90க்கு மேல் இருந்தால் நல்ல பலன் என்று எடுத்துக்கொள்வோம். 'நல்லாத்தானே இருக்கு' என்று மிச்சக் கீமோவை விட்டுவிடாதீர்கள். காயம் ஆறியதும், வழக்கமாக இரண்டு மூன்று வாரத்தில், அது தொடர வேண்டும்.

தோள் ஆபரேஷனுக்கு ஏன் ஒவ்வொரு முறையும் நெஞ்சை ஸ்கேன் எடுக்கிறார்கள்? எத்தனை வருடம் வர வேண்டும்? அரசு உதவி கிடைக்குமா?
– வாசகர், கடலூர்

எலும்புப் புற்று முதலில் போய் உட்காரும் இடம் நுரையீரல். ஒன்றிரண்டு சிறு புள்ளியாக இருக்கும்போதே கண்டால் அதையும் அறுவை சிகிச்சையில் எடுக்க முடியும். முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வருடம்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. காண்ட்ரோசர்கோமா பத்து வருடம் கழித்தும் தலைகாட்டும். அதனால் ஐந்து வருடம் ஆயிற்று என்று ஃபைலைப் பரணில் போடாதீர்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டையை அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுக் கவுன்டரில் பதிந்து, அனுமதி வந்த பிறகு சேருங்கள். உலோக எலும்பு வைப்பதென்றால் அதன் விலை தொகுப்பில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அசைவு எவ்வளவில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு அரசு மருத்துவமனை மருத்துவக் குழுவிடம் மாற்றுத்திறனாளி சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ மதிப்பிட்டால் இட ஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத் தகுதி வரும். போகும்போது டிஸ்சார்ஜ் குறிப்பு, ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே மூன்றையும் கொண்டுபோங்கள். சட்டைக்கு மேல் பார்த்தால் இந்தக் குறை தெரியாது; எலும்பே இல்லை என்று எக்ஸ்ரேயைக் காட்டினால்தான் நம்புகிறார்கள்.